தம்பியின் சனல், அக்காவின் காப்பு

கேள்வி: நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். கணவருக்கு வயல். தம்பிக்கு 27 வயது, மூன்று வருடமாக யூரியூப் சனல் நடத்துகிறான். ஊர்ச் சமையல், குளம், கோயில் திருவிழா என்று போடுவான். வெளிநாட்டு உறவுகள் அனுப்புகிற காசைக் கஷ்டப்பட்ட குடும்பங்களுக்குக் கொடுக்கிற வீடியோவும் இடைக்கிடை வரும். யூரியூப்பில் ஒரு மாதம் 35 ஆயிரம் வரும், இன்னொரு மாதம் ஒரு இலட்சத்தைத் தாண்டும். சராசரி 70 ஆயிரம். கடைத் திறப்பு, உடுப்புக்கடை விளம்பரம் என்று இன்னொரு 20 ஆயிரம். கமராவும் ட்ரோனும் வாங்க என் காப்புகளை அடகு வைத்து 9 இலட்சம் கொடுத்தேன். 15 வீத வட்டியை நான்தான் கட்டுகிறேன். போன வருடம் தவணைக்கு ஐபோன் வாங்கினான். இப்போது 75 இலட்சத்துக்கு ஒரு கார் பார்த்து வைத்திருக்கிறான். 45 இலட்சம் லீசிங். மிச்சம் 30 இலட்சத்துக்கு நான் சம்பளக் கடன் எடுக்க வேண்டுமாம், போதாவிட்டால் அம்மாவின் பெர்மிட் காணியை (அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்தது) ஈடு வைக்கலாமாம், லீசிங்குக்குப் பிணையும் நான்தானாம். “பெரிய ஆட்கள் எல்லாம் இப்படித்தான் அக்கா, எல்லாம் தொழில் செலவு, வரியில் கழியும்” என்கிறான். உண்மையில் அந்த ஆட்களுக்கு இவ்வளவு காசு எங்கிருந்து வருகிறது? நான் கையெழுத்து வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டாம், ரீச்சர். காரணங்கள் பல இருந்தாலும் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது கார் இல்லை. “வட்டியை நான்தான் கட்டுகிறேன்” என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான்.

தவணை, பிணை எல்லாம் என்னவென்று உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுவோம். தம்பியின் மாதக் கணக்கை மட்டும் நீங்கள் கடிதத்தோடு தனியே தந்த செலவு விபரத்தையும் வைத்துப் போட்டுப் பார்த்தேன். வரவு 90 ஆயிரம். ஐபோன் தவணை 28, எடிட் செய்கிற பொடியனுக்கு 15, பெற்றோலும் பயணமும் 22, டேட்டா 6, உடுப்பும் ஹோட்டல் சாப்பாடும் 25. கூட்டினால் 96 ஆயிரம். அடகு வட்டி 9 இலட்சத்துக்கு 15 வீதம் என்றால் வருடம் 1 இலட்சத்து 35 ஆயிரம், மாதம் 11 ஆயிரம் சொச்சம். அதையும் சேர்த்தால் மாதம் 17 ஆயிரம் துண்டு விழுகிறது. தம்பியின் சம்பளம் என்று ஒரு சதம்கூட இதில் நான் போடவில்லை. சாப்பாடும் படுக்கையும் உங்கள் வீட்டில்.

இதை அவன் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டான். வட்டி உங்கள் சம்பளத்தில் போவதால் அவனுடைய கணக்கில் அது ஒரு செலவாகத் தெரிவதே இல்லை. சனல் ஓடுகிறது, கையில் காசு புரளுகிறது, ஆகவே தொழில் வளருகிறது என்று நினைக்கிறான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. நட்டத்தை மாதாமாதம் துடைத்து வைக்கிறவர் நீங்கள்தானே.

இந்த நிலையில் கார். 45 இலட்சத்தை ஐந்து வருடத்தில், 14 வீத வட்டியில் கட்டுவதென்றால் மாதத் தவணை 1 இலட்சத்து 5 ஆயிரத்தை ஒட்டி வரும். முழுக் காப்புறுதியும் பெற்றோலும் வேறு. அவனுடைய மொத்த வரவே 90 ஆயிரம்! உங்கள் 30 இலட்சக் கடனை நான் இன்னும் தொடவே இல்லை. யூரியூப் விளம்பரக் காசு வருடக் கடைசியில் ஏறும், தை மாதத்தில் இறங்கும். மூன்று வருடம் நடத்துகிறவனுக்கு அது தெரிந்திருக்கும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்த்து, கூட்டம் வைத்து, சிறுபோகத்துக்கு இத்தனை ஏக்கர்தான் என்று தீர்மானிக்கிற ஊர் உங்களுடையது. தண்ணீரின் அளவு தெரியாமல் முழு வயலையும் உங்கள் கணவர் விதைப்பாரா என்று தம்பியிடம் கேளுங்கள்.

சரி, அந்தப் பெரிய ஆட்களின் காசு எங்கிருந்து வருகிறது?

யூரியூப் காசில் இருந்து மட்டும் இல்லை. நீளமான வீடியோவில் வரும் விளம்பர வருமானத்தில் 55 வீதம், ஷோர்ட்ஸில் 45 வீதம் நடத்துகிறவருக்கு வருகிறது. ஆனால் எந்த நாட்டில் இருந்து பார்க்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கனடாவில் இருந்தோ சுவிஸில் இருந்தோ பார்க்கிற ஒருவர், உள்ளூரில் பார்க்கிற பலருக்குச் சமமான விளம்பரக் காசு தருவார். தம்பியின் சனல் இந்த அளவாவது உழைப்பது புலம்பெயர்ந்த சனம் பார்ப்பதால்தான் என்று நினைக்கிறேன். அவர்கள் பார்க்க வருவது குளத்தையும் அம்மாவின் கணவாய்க் கறியையும். காரைப் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் வீட்டு வாசலிலேயே நிற்கிறது.

பெரிய ஆட்களின் முக்கிய வருமானம் கம்பனிகள் நேரடியாகக் கொடுக்கும் விளம்பரக் காசும், தாங்களே விற்கிற பொருளும், பயிற்சி வகுப்பும். அதற்கு அடுத்தது பண்டமாற்று. ஹோட்டல் இரண்டு இரவு இலவசமாகத் தரும், இவர் நான்கு ரீல்ஸ் போடுவார். பார்க்கிறவருக்கு அது இலட்ச ரூபாய் விடுமுறை. போடுகிறவருக்கு வேலை நாள், கையில் ஒரு சதமும் வந்திருக்காது. அப்புறம் வாடகை. டுபாயில் ஆடம்பரக் கார் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. லொஸ் ஏஞ்சலிஸில் தனியார் ஜெட் விமானத்தின் உள்பக்கம் மாதிரி அமைத்த ஒரு ஸ்ரூடியோவை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு எடுத்துப் படம் பிடிக்கிறார்கள் என்பது 2020இல் இணையத்தில் பெரிய பகிடியானது. தரையை விட்டு எழும்பாத விமானம், மணிக்கு 64 டொலர்.

இவற்றை எல்லாம் கழித்த பிறகும் மிஞ்சுகிற பளபளப்புக்கு இரண்டு விளக்கம்தான் உண்டு: தகப்பனின் காசு, இல்லாவிட்டால் கடன். உங்கள் தம்பிக்கு முதலாவது வாய்க்கவில்லை.

இன்னொரு வருமானமும் இருக்கிறது, அதற்குத் தம்பி கிட்டவும் போகக் கூடாது. ‘ட்ரேடிங்’ செயலி, கிரிப்டோ, ஆள் சேர்த்தால் கொமிஷன் என்று வருகிற விளம்பரங்கள். காசு நன்றாகத் தருவார்கள், தந்துதான் ஆகவேண்டும். இலங்கையில் வங்கிச் சட்டம், இப்படி ஆள் சேர்த்துக் காசு திரட்டுகிற பிரமிட் திட்டத்தை நடத்துவதை மட்டுமில்லாமல் அதை விளம்பரப்படுத்துவதையும் குற்றமாக்கியிருக்கிறது. கிரிப்டோவைப் பற்றி மத்திய வங்கி திரும்பத் திரும்ப எச்சரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு மாதத் தவணை குறைகிற நேரத்தில்தான் இப்படி ஒரு அழைப்பு வரும். கார்த் தவணை கழுத்தில் இருக்கிறவன் அதற்கு மாட்டேன் என்று சொல்வது கஷ்டம்.

இனி ‘தொழில் செலவு’. இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், மன்னித்துக்கொள்ளுங்கள். செலவை வரியில் கழிக்கலாம் என்றால் அரசாங்கம் அந்தச் செலவைத் திருப்பித் தருகிறது என்று பாதிப் பேர் விளங்கி வைத்திருக்கிறார்கள். தம்பியின் வருட வரவு 90 ஆயிரம் தர 12, அதாவது 10 இலட்சத்து 80 ஆயிரம். 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு வருடம் 18 இலட்சம் வரை வரி இல்லை. இவன் கட்ட வேண்டிய வரியே பூச்சியம். பூச்சியத்தில் எதைக் கழிப்பது? நாளைக்கு வருமானம் பெருகி வரி வந்தாலும், வெளிநாட்டுக்குச் செய்த சேவைக்காக வங்கி மூலம் வருகிற வெளிநாட்டுக் காசுக்கு உச்ச வரி 15 வீதம். அந்த உச்சத்திலேயே வைத்துப் பார்த்தாலும், 100 ரூபாய் செலவழித்தால் 15 ரூபாய்தான் மிச்சம். மற்ற 85 ரூபாய் அவனுடைய பொக்கற்றில் இருந்துதான் போகிறது. அதாவது, உங்களுடைய பொக்கற்றில் இருந்து.

அதோடு எல்லாச் செலவும் தொழில் செலவு ஆகாது. எடிட் செய்கிறவரின் கூலி, படப்பிடிப்புக்கான பயணம், டேட்டா இவற்றில் பிரச்சினை இல்லை. கமரா, ட்ரோன் போன்றவை சொத்து. விலையை ஒரே வருடத்தில் கழிக்காமல் தேய்மானமாக வருடாவருடம்தான் கழிக்கலாம். உடுப்பும் சொந்தச் சாப்பாடும் வீட்டுச் செலவு. பிரித்தானியாவில் ஆன் மலலியூ என்ற பெண் சட்டத்தரணி, நீதிமன்றத்துக்கு மட்டுமே போடுகிற கறுப்பு உடுப்பின் செலவைக் கழிக்கக் கேட்டு வழக்காடினார். உடல் மறைக்கவும் குளிருக்கும் அந்த உடுப்பு அவருக்குத் தேவைதானே என்று சொல்லி 1983இல், அன்று அங்கே கடைசி மேன்முறையீட்டைக் கேட்ட பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. நீதிமன்றத்துக்குப் போடுகிற உடுப்புக்கே அந்தக் கதி என்றால் ரீல்ஸுக்கு வாங்கிய சேர்ட்டுக்கு என்ன சொல்வார்கள்? இந்தியாவில் இன்னும் ஒருபடி மேலே போய், கம்பனி விளம்பரத்துக்குத் தருகிற போனையோ காரையோ திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டால் அதன் பெறுமதியையே வருமானமாகப் பார்க்கிறார்கள். வருடம் 20 ஆயிரம் இந்திய ரூபாயைத் தாண்டினால் 10 வீதம் வரி முன்கூட்டியே பிடிக்க வேண்டும் என்பது 2022 யூலையில் இருந்து அங்கே சட்டம். சென்னை ஆட்களின் வீடியோவில் தம்பி பார்க்கிற ‘ஓசி’ பொருளுக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கும் ஓடுகிறது.

உதவி வீடியோ பற்றி நீங்கள் அரை வரிதான் எழுதினீர்கள். எனக்கு அதுதான் பயம். ரொறன்ரோவில் இருந்து ஒருவர் ஒரு விதவைத் தாய்க்குக் கிணறு கட்ட அனுப்புகிற காசும், ஐபோன் தவணை போகிற காசும் ஒரே வங்கிக் கணக்கிலா கிடக்கின்றன? அப்படியென்றால் இந்தக் கிழமையே பிரியுங்கள். தவணைத் திகதியில் கணக்கில் மற்றவர் காசு கிடந்தால், நாளைக்கு வைத்துவிடலாம் என்று எடுக்கத்தான் மனம் சொல்லும். அதற்குக் கெட்ட மனம் தேவையில்லை, தட்டுப்பாடு போதும். உதவிக் காசுக்குத் தனிக் கணக்கு, வந்த திகதி, அனுப்பியவர், கொடுத்த திகதி, பற்றுச்சீட்டு எல்லாம் ஒரு கொப்பியில். ஊரின் வாய் பொல்லாதது.

காணிக் கதையை வளர்க்கத் தேவையில்லை. பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் யாருக்கும் ஈடு வைக்க முடியாது. தனியாரிடம் எழுதிக் கொடுத்துக் காசு வாங்கினால் பத்திரமும் செல்லாது, அம்மாவின் பெர்மிட்டுக்கும் ஆபத்து. அம்மாவிடம் இந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிடுங்கள்.

பிணை நிற்பதை மரியாதைக்கு வைக்கிற கையெழுத்து என்று எங்கள் சனம் நினைக்கிறது. அவன் கட்டாவிட்டால் காரைத் தூக்கி விற்பார்கள், விற்ற காசு போதாவிட்டால் மிச்சத்துக்கு உங்களிடம் வருவார்கள். கிரிப் அறிக்கையில் (யாருக்கு என்ன கடன் என்று வங்கிகள் பார்க்கிற பதிவு) உங்கள் பெயரிலும் அது நிற்கும். நாளைக்கு நீங்களே வீடு திருத்த வங்கிக்குப் போனால் முதலில் தம்பியின் காரைப் பற்றித்தான் கேட்பார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. அடுத்த மாதத்தில் இருந்து அடகு வட்டியை அவன் கட்டட்டும். முழுதையும் ஒரேயடியாகத் தலையில் போட வேண்டாம். முதல் மூன்று மாதம் பாதி, பிறகு முழுவதும். சனல் காசுக்கு ஒரு கணக்கு, அவனுடைய சொந்தச் செலவுக்கு இன்னொன்று. யூரியூப் காசு வழமையாக 21இல் இருந்து 26ஆம் திகதிக்குள் வரும். வந்த அன்றே சனல் செலவை ஒதுக்கிவிட்டு, 15 ஆயிரமோ 20 ஆயிரமோ சம்பளமாகத் தன் கணக்குக்கு மாற்றட்டும். சம்பளம் எடுக்கக் காசு இல்லாத மாதத்தில் அவனுக்கே எல்லாம் விளங்கும், நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை. ஹோட்டல் சாப்பாட்டையும் உடுப்பையும் அந்தச் சம்பளத்துக்குள் தள்ளினாலே அந்த 17 ஆயிரம் துண்டு, சம்பளத்தைப் பொறுத்து 7 ஆயிரமாகவோ 12 ஆயிரமாகவோ குறைந்துவிடும். ட்ரோன் மாதத்தில் எத்தனை தரம் பறக்கிறது என்றும் கேளுங்கள். கலியாண வீட்டுக்காரருக்கு வாடகைக்குப் பறக்க விட்டால் வட்டியில் பாதியாவது உழைக்கும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

கார் உண்மையிலேயே வீடியோவுக்குத் தேவை என்றால் மாதம் இரண்டு நாள் வாடகைக்கு எடுக்கட்டும். நாளுக்கு 12 ஆயிரம் என்றே வைத்தாலும் 24 ஆயிரம். தவணையில் கால்வாசிகூட வராது. அந்த 24 ஆயிரத்தையும் சனல் கணக்கால் தாங்க முடியவில்லை என்றால் அந்த வீடியோ வேண்டாம்.

அவன் கோபிப்பான். சில கிழமை கதைக்காமலும் இருப்பான். கனடா மாமாவிடம் கேட்பேன் என்று வெருட்டினால் தாராளமாகக் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் மாமாவுக்கு அனுப்புகிற வொட்ஸ்அப் செய்தியில் காரின் படத்தோடு மேலே நான் போட்ட மாதக் கணக்கையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடுங்கள்.