சூடோ போட்டா தெரியுது, போடாட்டி தெரியலை: லினக்ஸ்ல ஸ்கேனர் பஞ்சாயத்து

கேள்வி: கேனோஸ்கேன் லைடு 110 வெச்சிருக்கேன், விண்டோஸ்ல நல்லா ஓடிட்டு இருந்துச்சு, லினக்ஸ் மின்ட் போட்டதுல இருந்து ஸ்கேனரே இல்லைன்னு சொல்லுது. டிரைவர் தேடித் தேடி அலுத்துப்போச்சு. புதுசு வாங்கிடவா?

வாங்காதீங்க. முதல்ல டிரைவர் தேடுறதை நிறுத்துங்க, லினக்ஸ்ல ஸ்கேனர் வேலையைப் பாக்குறது சேன்னு ஒரு மென்பொருள், அதுக்குள்ள ஜெனிசிஸ்னு ஒரு பகுதி இருக்கு, உங்க லைடு 110 அதுல ஏற்கெனவே அடக்கம். மின்ட்ல சேன் தானாவே வந்திருக்கும். அப்புறம் ஏன் தெரியலைன்னா, நடுவுல எங்கேயோ ஒரு இடத்துல அறுந்திருக்கு, அது எங்கன்னு கண்டுபிடிச்சா போதும்.

டெர்மினலைத் (கமாண்ட் அடிக்கிற விண்டோ) திறந்து எல்எஸ்யூஎஸ்பின்னு ஒரே சொல்லா, சின்ன எழுத்துல அடிங்க. வர்ற பட்டியல்ல 04ஏ9:1909ன்னு ஒரு வரி இருந்தா கம்ப்யூட்டருக்கு ஸ்கேனர் தெரியுதுன்னு அர்த்தம், முன்பாதி கேனனோட நம்பர், பின்பாதி உங்க மாடல். இல்லைன்னா கேபிளை மாத்துங்க, ஹப் இருந்தா கழட்டிட்டு நேரா கம்ப்யூட்டர்லயே சொருகுங்க, ஏன்னா இந்த மாடலுக்குத் தனி அடாப்டர் கிடையாது, கரண்ட்டையும் யூஎஸ்பில இருந்துதான் எடுக்குது.

அடுத்து ஸ்கேன்இமேஜ், ஒரு இடைவெளி, மைனஸ், பெரிய எழுத்து எல். அந்த கமாண்டே இல்லைன்னு சொன்னா சேன்-யூட்டில்ஸ் பேக்கேஜைப் போட்டுக்கோங்க. ஒண்ணும் காட்டலைன்னா அதே கமாண்டை முன்னாடி சூடோ (அட்மின் அதிகாரத்தோட ஓட்டுன்னு சொல்ற சொல்) சேர்த்து அடிங்க. இப்ப மட்டும் ஸ்கேனர் பேர் வந்தா திருடன் மாட்டிக்கிட்டான், உங்க யூசருக்கு அந்த யூஎஸ்பியைத் தொட அனுமதி இல்ல, அவ்வளவுதான். டெபியன், உபுண்டு, மின்ட் மூணுலயும் ஸ்கேனர்ங்கிற பேர்லயே ஒரு குரூப் இருக்கு, அதுல உங்களைச் சேர்க்கணும்: சூடோ, ஆட்யூசர், உங்க யூசர் பேர், கடைசியா ஸ்கேனர், இடையில இடைவெளி விட்டு ஒரே வரியா. நெட்ல பல பேர் யூசர்மாட் கமாண்டைச் சொல்லுவாங்க, அதுல மைனஸ், சின்ன எழுத்து ஏ, பெரிய எழுத்து ஜின்னு சேர்த்துப் போடணும், நான் ஒரு தடவை ஏவை விட்டுட்டு வெறும் ஜி போட்டு, சூடோ குரூப்ல இருந்தே என்னை நானே வெளிய தள்ளிக்கிட்டு ராத்திரி பூரா ரெகவரி மோடுல உக்காந்திருந்தேன். ஆட்யூசர்ல அந்த வம்பு இல்ல.

சேர்த்த உடனே தெரியலையேன்னு பதறாதீங்க, லாக் அவுட் பண்ணி திரும்ப உள்ள வந்தாத்தான் குரூப் கணக்குல ஏறும்.

சூடோ போட்டும் வரலைன்னா ஈடிசி ஃபோல்டருக்குள்ள சேன்.டி, அதுக்குள்ள டிஎல்எல்.கான்ஃப் ஃபைலைத் திறந்து ஜெனிசிஸ் வரிக்கு முன்னாடி # போட்டிருக்கான்னு பாருங்க, இருந்தா எடுத்துடுங்க.

ஸ்கேனர் தெரிஞ்சதுக்கு அப்புறம் 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளிங்கிற கணக்கு) வெச்சுக்கோங்க. கலர்ல ஒரு ஏ4 பக்கம் சுருக்காம சுமார் 26 எம்பி வரும், 600 வெச்சா அதே பக்கம் 100 எம்பியைத் தாண்டிடும், ரேஷன் கார்டு ஸ்கேன் பண்ண அதெல்லாம் எதுக்கு.