வன்கண்ணும் கருணைக்கண்ணும்: வேதவாசிப்பு பற்றிச் சில கேள்விகள்

போன வாரம் திராட்சத்தோட்டக் கூலியாட்கள் உவமையைப் (மத்தேயு 20) படித்தோம். அதிலிருந்து வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். நான் போதகர் இல்லை. வெகுநாளாக வேதபாட வகுப்பு எடுப்பவன், அவ்வளவுதான்.

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். ஆவியானவர் ஒருவர்தானே? ஒரே வசனம் எப்படி ஆளுக்கு ஒரு மாதிரி புரிகிறது?

அந்த உவமையையே எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. விடியற்காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. எங்கள் வகுப்பில் தையல் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் உடனே கேட்டார்: "இப்படிக் குடுத்தா நாளைக்குக் காலைல எவன் வருவான்?" நியாயமான கேள்வி. கடைசி பெஞ்சில் சித்தாள் வேலைக்குப் போகும் ஓர் அக்கா இருந்தார். "காலைலேர்ந்து முக்குல நின்னு, ஒருத்தரும் கூப்பிடாம வெயில் ஏறுறதப் பாத்திருக்கீங்களா அண்ணே? வேலை செய்றதவிட அதுதான் அசதி" என்றார். வசனத்திலும் கடைசியில் வந்த ஆட்கள் சொல்வது அதுதான்: 'ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை.' நான் எத்தனையோ தரம் பாடம் நடத்திய பகுதி. அந்த வரியில் ஒருநாளும் நின்றதில்லை.

பட்டறைக்காரர் கெட்டவர் இல்லை. அவருக்குக் கணக்கு முக்கியம், அதனால் கணக்கு உதைக்கிற இடம் முதலில் கண்ணில் பட்டது. அக்காவுக்கு அன்றைக்கு உலை வைப்பது முக்கியம்.

கேள்வி: அதே உவமையில் முணுமுணுத்த கூலியாளைப் பார்த்து 'நீ வன்கண்ணனாயிருக்கலாமா' என்று எஜமான் கேட்கிறாரே, கண்ணேறா?

இல்லை சகோதரி. எபிரெய வழக்கில் வன்கண், அதாவது கெட்ட கண் என்றால் கஞ்சத்தனம், அடுத்தவனுக்குக் கிடைப்பதைப் பொறுக்காத மனம். நீதிமொழிகளில் தரித்திரனுக்குக் கொடுக்கிறவனுக்குப் பெயர் கருணைக்கண்ணன். இதை மனதில் வைத்துக்கொண்டு மத்தேயு 6ஐப் பாருங்கள். 21ஆம் வசனம் பொக்கிஷம். 24ஆம் வசனம் தேவனா, உலகப்பொருளா என்பது. நடுவில் திடீரென்று 'கண்ணானது சரீரத்தின் விளக்காயிருக்கிறது' என்று வருகிறது. சம்பந்தமில்லாமல் வரவில்லை. பணத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறோமோ அவ்வளவுக்கு உள்ளே இருட்டு.

கேள்வி: மனந்திரும்பினால் இதெல்லாம் தானாக மாறிவிடாதா?

மாறும், ஆனால் நாளாகும். 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் 1748இல் நடுக்கடல் புயலில் தேவனைக் கூப்பிட்டார். அதற்கப்புறமும் அடிமைக் கப்பல்களுக்குக் கேப்டனாகப் போனார். மாலுமிகளை வைத்து ஞாயிறு ஆராதனை நடத்துவார். கீழ்த்தளத்தில் மனிதர்கள் சங்கிலியில் கிடப்பார்கள். 1754இல் உடம்பு முடியாமல்தான் கடலை விட்டார். அந்த வியாபாரத்தைக் கண்டித்து எழுதியது 1788இல். நாற்பது வருஷம்! பாசாங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்நாளில் அது கௌரவமான தொழில், அதனால் உறுத்தவில்லை.

கேள்வி: எங்கள் சபையில் எல்லாரும் சகோதரர்தான். ஆனால் வரன் தேடும் விளம்பரத்தில் 'இரட்சிக்கப்பட்ட, அதே சாதியில்' என்று போடுகிறார்கள். என்ன சொல்வது?

சரி, இது நம் வீட்டுக் கதை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை இன்றைக்கும் உருகிப் பாடுகிறோம். அவரே சபையில் சாதி ஆசாரம் இருக்கட்டும் என்று புதிதாக வந்த மிஷனரிகளோடு வாதாடினார். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே போனார்கள். வேதம் தெரியாதவர்களா அவர்கள்? யோப்பாவில் சீஷன் பேதுரு ஒரு தரிசனம் கண்டார்: தீட்டென்று அவர் நினைத்த மிருகங்களோடு வானத்திலிருந்து ஒரு துப்பட்டி இறங்கியது, 'தீட்டென்று எண்ணாதே' என்று சத்தம் வந்தது. அவருக்கே அது மூன்று தரம் நடக்க வேண்டியிருந்தது. அப்புறம்தான் யூதரல்லாத கொர்நேலியு வீட்டு வாசற்படியை மிதித்தார். நமக்கு எத்தனை துப்பட்டி வேண்டுமோ!

கேள்வி: கிரேக்கம், எபிரெயம் படித்தால் சரியாகப் புரியுமா அண்ணா?

படியுங்கள், நல்லது. ஆனால் 1807இல் லண்டனில் கரீபியன் தீவு அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமம் அச்சிட்டார்கள். எகிப்திலிருந்து விடுதலையான கதை அதில் இல்லை. எஜமானுக்குக் கீழ்ப்படி என்பது இருந்தது. படித்தவர்கள் செய்த வேலைதான் அது. யோவான் 7:17 வேறு வழி சொல்கிறது: தேவ சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன் அறிந்துகொள்வான். முதலில் செய்ய மனசு, அறிவு அதற்குப் பின்னால்.

கேள்வி: நான் என் வசதிக்கு வாசிக்கிறேனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன். சில வருஷம் சபைக்குப் பொருளாளராக இருந்தேன். அறுப்பின் பண்டிகை வந்தால் ஏழை விதவையின் இரண்டு காசைப் பற்றித் தவறாமல் பேசுவேன். "அவளைப் பாருங்கள், இருந்ததெல்லாம் போட்டாள்!" என்பேன். பையும் நிறையும். பொறுப்பை விட்டு இறங்கிய அடுத்த வருஷம் மாற்கு 12ஐச் சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். அவள் வருவதற்குச் சற்று முன்னால், 40ஆம் வசனத்தில், வேதத்தைப் போதிக்கிற வேதபாரகர் 'விதவைகளின் வீடுகளைப் பட்சித்து' என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார். அத்தனை வருஷமும் நான் 41இல்தான் வாசிக்க ஆரம்பித்திருக்கிறேன்.