நாள் முழுக்கத் தூக்கி நடக்க எந்தத் துப்பாக்கி?

கேள்வி: மினசோட்டாவில் இருக்கிறேன். போன வருடம் அலுவலக நண்பரோடு கிரவுஸ் என்ற காட்டுப் பறவை வேட்டைக்குப் போனேன். அவர் இரவல் தந்த 12 கேஜ் பம்ப் துப்பாக்கி (ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுவது) ஏழரை பவுண்டு. மத்தியானத்துக்கு மேல் பறவை எழும்பியது, என் கை எழும்பவில்லை. சொந்தமாக ஒன்று வாங்கப் போகிறேன். 28 கேஜ் போதுமா? 410 இன்னும் லேசு என்கிறார்களே?

பதில்: 410-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சாதாரண இரண்டரை அங்குலத் தோட்டாவில் அரை அவுன்ஸ், அதாவது 14 கிராம் ரவைதான் (சிதறிப் பாயும் சின்னக் குண்டுகள்) இருக்கும். குறி சற்றுப் பிசகினால் பறவை காயத்தோடு புதருக்குள் போய்விடும். சின்னத் துப்பாக்கி என்று புதியவர்கள் கையில் கொடுக்கிறார்கள். உண்மையில் அது கைதேர்ந்தவர்களுக்கானது.

குழலின் அகலத்தைச் சொல்லும் கேஜ் கணக்கு தலைகீழ். ஒரு பவுண்டு ஈயத்தை 20 சம உருண்டைகளாக உருட்டினால், ஒரு உருண்டை அடங்கும் குழல் 20 கேஜ். அதனால் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 410 மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது குழலின் விட்டம், 0.410 அங்குலம்.

மிச்சம் 20-ம் 28-ம். வழக்கமான 20 கேஜ் தோட்டாவில் சுமார் 25 கிராம் ரவை, 28-ல் 21 கிராம். ஆஸ்பென் மரக் காட்டில் கிரவுஸ் பெரும்பாலும் 25 கஜத்துக்குள்தான் சடசடவென்று கிளம்பும். அந்தத் தூரத்துக்கு ஏழரை நம்பர் அளவு ஈய ரவை போட்ட 28 தாராளம். ஆனால் தோட்டா விலை அதிகம், சின்ன ஊர்க் கடைகளில் கிடைப்பதும் சிரமம். இன்னொரு விஷயம்: சில 28 கேஜ் துப்பாக்கிகள் 20 கேஜ் உடம்பிலேயே குழலை மட்டும் மாற்றிச் செய்தவை. எடை ஒன்றும் குறையாது. நாளைக்கே ஃபெசன்ட் என்ற பெரிய பறவையின் பக்கம் போக ஆசை வந்தாலும் 20 கைகொடுக்கும். என் ஓட்டு 20-க்குத்தான்.

சரி, எவ்வளவு லேசாக? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிக்காரர்கள் 96 விதி என்று ஒன்று வைத்திருந்தார்கள்: ரவை எடையைப்போல் 96 மடங்காவது துப்பாக்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோள் தாங்காது. 25 கிராமுக்கு 2.4 கிலோ, அதாவது ஐந்தேகால் பவுண்டு. பெனெல்லியின் அல்ட்ரா லைட் 20 கேஜ் கிட்டத்தட்ட அந்த எடைதான். தூக்கி நடக்கச் சுகம். ஆனால் அந்த எடையில் குழல் விருட்டென்று கிளம்பி, விசையை அழுத்தும் நேரத்தில் சட்டென்று நின்றுவிடும். நானும் இப்படி ஒன்று வாங்கி, ஒரு சீசன் முழுக்கப் பறவையின் வாலுக்குப் பின்னால் காற்றைச் சுட்டேன். கொஞ்சம் கனம் இருந்தால் அந்த வேகமே குழலை இழுத்துக்கொண்டு போகும். ஐந்தே முக்காலிலிருந்து ஆறேகால் பவுண்டு வரை பாருங்கள். குழல் 28 அங்குலம்.

மேல்-கீழ் இரட்டைக்குழலா, சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோவா என்பது ரசனை. வேலி தாண்டும்போது மடக்கித் திறந்துவிட்டால் உள்ளே தோட்டா இல்லை என்று எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்பதால் எனக்கு இரட்டைக்குழல் பிடிக்கும். தோட்டாவின் வாயு அழுத்தத்தில் இயங்கும் செமி ஆட்டோ தோளில் விழும் உதையைக் கொஞ்சம் தணிக்கும். அதில் வுட்காக் என்ற வலசைப் பறவையைச் சுடுவதென்றால் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் போகாதபடி அடைப்பு போட வேண்டும். வலசைப் பறவைகளுக்கான மத்திய விதி அது.

கடைக்கு வேட்டை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே போங்கள். துப்பாக்கி காலி என்று நீங்களும் கடைக்காரரும் திறந்து பார்த்த பிறகு, பாதுகாப்பான பக்கமாக, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றிக் கன்னத்தைக் கட்டையில் (தோளில் அணையும் பகுதி) வையுங்கள். கண்ணைத் திறந்தால் குழலின் மேல்பட்டை நேர்கோடாகத் தெரிய வேண்டும். மேல்பட்டை மறைந்து துப்பாக்கி உடம்பின் பின்பக்கம் மட்டும் தெரிந்தால் கன்னம் தாழ்கிறது. கட்டை அக்குளில் சிக்கினால் நீளம் அதிகம். இந்தச் சோதனையில் தோற்றது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

பணம் கட்டுமுன் விசாவையும் பாருங்கள். எச்1பி மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. இரவல் துப்பாக்கிக்கும் இதே கதைதான். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. 1979-க்குப் பிறகு பிறந்தவர் என்றால், மினசோட்டாவில் உரிமம் வாங்கத் துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழும் வேண்டும்.

அப்புறம், நண்பர் 12 கேஜ் வைத்திருப்பதால் ஒரு எச்சரிக்கை. 20 கேஜ் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவதற்குக் காரணம் உண்டு. அது தவறி 12 கேஜில் விழுந்தால் வழுக்கிக்கொண்டு குழலுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். வெளியே தெரியாது. பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போய்விடும். அவருடைய தோட்டா உங்கள் பையிலும் உங்களுடையது அவர் பையிலும் ஒன்றுகூட இருக்கக் கூடாது. காரிலிருந்து இறங்கும்போதே இருவரும் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்துவிடுங்கள்.