சின்னக் கேம்களில் எது தேறும், எது தேறாது?

கேள்வி இதுதான்: பெரிய கம்பெனிகள் இல்லாமல் ஓரிருவரோ சின்னக் குழுவோ உருவாக்கிய வீடியோ கேம்களில் எவை உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன, எவை பெயருக்கு மட்டும்? கேட்டவரிடம் இருப்பது பழைய லேப்டாப். 12 வயதுத் தம்பியும் விளையாடுவானாம்.

பழைய லேப்டாப் என்றதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் கோத்தகிரிக்காரன். மழை பிடித்தால் எங்காவது மரம் விழும், கரண்ட் போகும், நெட் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. நூறு ஜிபி கேமை இறக்கி முடிப்பதற்குள் ஆசையே போய்விடும். ஒரு ஜிபிக்குள் அடங்கும் கேம்கள் பக்கம் நான் வந்தது ரசனையால் என்று சொன்னால் பொய். ஆனால் வந்த பிறகு ஒரு அளவுகோல் தானாக அமைந்துவிட்டது: கதை வாயால் சொல்வதும் விளையாடுகிறவரின் கை செய்வதும் ஒன்றாக இருக்கிறதா? பெரிய கேமில் இரண்டும் இரண்டு திசையில் போனாலும் காட்சிப் பகட்டில் தெரியாது. சின்னக் கேமில் பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எல்லோரும் முதலில் சொல்லும் ஸ்டார்டியூ வேலியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2016-இல் வந்தது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் ஓவியம், இசை, புரோகிராம் எல்லாவற்றையும் நாலரை ஆண்டு தனியாக உட்கார்ந்து செய்தார். 2024-இல் வந்த பெரிய அப்டேட்டையும் இலவசமாகவே கொடுத்தார். மனிதர் மீது குறையே இல்லை. கேம் மீது உண்டு. அலுவலக வேலையில் வெந்துபோன ஒருவர், தாத்தா விட்டுச்சென்ற நிலத்துக்குப் போய் நிம்மதியாக வாழ்வதுதான் கதை. சரி. ஆனால் இரண்டாவது வருடம் உங்கள் கை என்ன செய்துகொண்டிருக்கும்? எந்தப் பயிரை ஒயினாக்கினால் எத்தனை மடங்கு லாபம் என்று கணக்குப் போட்டு, வரிசையாகப் பீப்பாய்களை அடுக்கிக்கொண்டிருக்கும். ஊரை விழுங்க வரும் சூப்பர் மார்க்கெட் கம்பெனியைக் கதை திட்டுகிறது. ஆட்டமோ நம்மையே இன்னொரு கம்பெனியாக ஆக்கிவிடுகிறது.

எனக்கு இது உறைத்தது தேயிலையில்தான். எங்கள் வீட்டுக்கும் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் உண்டு. கேமில் கரோலைன் என்ற பெண்மணியோடு சற்றே பழகினால் தேயிலை நாற்று செய்யும் முறையைச் சொல்லித் தருகிறார். நட்ட 20 நாளில் செடி தயார். பிறகு, வெளியே நட்டால் குளிர்காலம் தவிர, ஒவ்வொரு பருவத்தின் கடைசி வாரத்திலும் தினம் ஓர் இலை. மூன்று வருடம் காத்திருந்து, அப்புறமும் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுக்கும் எங்களுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? போகட்டும், கேமில் காலத்தைச் சுருக்கத்தான் வேண்டும். ஆனால் இலைக்கு விலை 50, நாற்றுக்கு விலை 500! காட்டு விதையும் நாரும் கட்டையும் சேர்த்து நாற்றாக்கி, மண்ணில் வைக்காமலே விற்றுத் தள்ளலாம். பலரும் முதல் வருடம் பணம் சேர்ப்பது இந்தக் குறுக்கு வழியில்தான்.

அதைவிடப் பெரிய சங்கதி, விலை இறங்குவதே இல்லை. ஆயிரம் இலையைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் அதே 50. எங்கள் பக்கம் டீக்கடையில் இரண்டு பேர் சந்தித்தால் முதல் பேச்சே பச்சைத் தேயிலை கிலோ என்ன விலை என்பதுதான். 2023-இல் கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகள் விலை கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். விவசாயத்தில் வயிற்றைக் கலக்கும் ஒரே விஷயத்தை எடுத்துவிட்டு மீதியை வைத்தால் அது நிம்மதியாகத்தான் இருக்கும். இதைச் சொன்னால் என் சித்தப்பா மகன், "அண்ணா, கேமை கேமாப் பாருங்க" என்பான். பார்க்கிறேன், மீன் பிடிப்பது அருமை, இசை அருமை. நிலம் பற்றிய கேம் என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இதற்கு நேர் எதிர் பேப்பர்ஸ், ப்ளீஸ். 2013-இல் லூகஸ் போப் என்ற ஒருவர் செய்தது. அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லையில், 1982-இல், நீங்கள் பாஸ்போர்ட் பார்க்கும் குமாஸ்தா. வரிசையில் வருகிறவரின் தாள்களைப் பார்த்து, தேதி, பெயர், முத்திரை எல்லாம் சரியென்றால் உள்ளே, இல்லையென்றால் திருப்பி அனுப்பு. ஆளுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கை, அதற்கு மேல் கூலியில் பிடித்தம். இரவில் அந்தப் பணத்தில் வாடகை, சோறு, குளிருக்குக் கணப்பு. பத்தவில்லை என்றால் வீட்டில் யாராவது படுத்துவிடுவார்கள்.

இதன் சாமர்த்தியம் எங்கே என்றால், அந்த மேசை வேண்டுமென்றே சின்னதாக இருக்கிறது. தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும், விதிப் புத்தகத்தைத் திறந்தால் பாஸ்போர்ட் மறைந்துவிடும். நேரம் ஓடும். கணவர் தாள் சரியாக வைத்திருப்பார், உள்ளே போய்விடுவார். பின்னால் வரும் மனைவியிடம் ஒரு தாள் குறையும். கெஞ்சுவார். அப்போது உங்கள் மனதில் முதலில் ஓடுவது இரக்கமா, 'இன்னும் ஓர் எச்சரிக்கை பாக்கி இருக்கிறது, விடலாம்' என்ற கணக்கா? எனக்குக் கணக்குதான் ஓடியது. எந்த வசனமும் இதைச் செய்ய முடியாது. முத்திரை குத்துகிற கைதான் செய்கிறது.

2024 மே 7 முதல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வேண்டும் என்றாகிவிட்டதே, அதற்கப்புறம் குஞ்சப்பனை சோதனைச்சாவடியைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேம் ஞாபகம் வரும். எங்கள் வண்டி டிஎன்-43, அதாவது நீலகிரிப் பதிவு என்பதால் கையசைத்து விட்டுவிடுவார்கள். பக்கத்தில் குடும்பத்தோடு வந்தவர், போனில் டவர் இல்லாமல் பாஸைத் திறக்கத் தவித்துக்கொண்டிருப்பார். காவலுக்கு நிற்பவருக்கும் பின்னால் நீளும் வரிசை பெரிய தலைவலி. முன்பு பயணியின் எரிச்சல் மட்டும்தான் தெரியும். இப்போது ஜன்னலுக்கு உள்ளே இருப்பவரின் எரிச்சலும் தெரிகிறது. குறை சொல்வதென்றால், நடுவில் வரும் ரகசிய இயக்கக் கதை மெல்லியது. அந்த நாடும் ஒரு பழைய கிழக்கு ஐரோப்பியக் கார்ட்டூன்தான். 'எங்கேயோ நடக்கிறது' என்று தப்பித்துக்கொள்ளலாம்.

அதே போப் 2018-இல் செய்த ரிட்டர்ன் ஆஃப் த ஓப்ரா டின்னையும் சொல்லிவிடுகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நீங்கள் காப்பீட்டு அதிகாரி. ஆளில்லாமல் கரைசேர்ந்த கப்பலில் இருந்த 60 பேருக்கும் பெயர் என்ன, என்ன ஆனார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் புள்ளிகளிலேயே முழுக் கப்பலும். மூன்று பேரைச் சரியாகச் சொன்னால்தான் 'சரி' என்று உறுதி செய்யும். அதனால் குருட்டாம்போக்கில் அடிக்க முடியாது. ஆனால் கடைசிப் பத்துப் பேருக்கு எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். சீன மாலுமிகளைக் காலணியையும் தூங்கும் தொட்டில் எண்ணையும் பார்த்துப் பிரித்தறிய வேண்டும் என்பது கொஞ்சம் அதிகம். இந்திய மாலுமிகளுக்கு ஆபிரகாம் அக்பர், ரென்ஃப்ரெட் ராஜப் என்றெல்லாம் பெயர். எந்த ஊர்த் தொட்டிலில் வைத்த பெயர்களோ! இவ்வளவு நுணுக்கம் பார்த்த மனிதர் இதை யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனாலும் துப்பறியும் கேம்களில் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

இனி வெண்பா என்ற கேம். தமிழர்கள் கூடும் இடத்தில் இதைக் குறை சொன்னால் அடி விழும் என்று தெரிந்தே சொல்கிறேன். டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. அடுத்த வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. 1988-இல் கனடா போன தம்பதி வெண்பாவும் பாவலனும், அவர்கள் மகன் கவின். வெண்பாவின் அம்மாவுடைய கிழிந்த சமையல் குறிப்பேட்டைப் பார்த்து, விட்டுப்போன வரிகளை ஊகித்து சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளின் ஓட்டைகள் மாறி மாறி வரும்படி அடுக்குவது ஒரு புதிர். ஒரு கேமில் இட்லித் தட்டைப் பார்த்ததற்கே எனக்குத் தனி சந்தோஷம். ஆவி, தாளிப்புச் சத்தம் எல்லாம் அசல்.

சிக்கல், தப்பாகச் சமைத்தால் ஒன்றுமே ஆகாது என்பது. மறுபடி முதலிலிருந்து, அவ்வளவுதான். கதை முழுக்க இழப்பைப் பற்றியது. கையோ எதையும் இழப்பதில்லை. மாவு வீணாகவில்லை, கேஸ் தீரவில்லை, பசித்த பிள்ளை காத்திருக்கவில்லை. உரையாடலில் தேர்வு கொடுக்கிறார்கள், எதைச் சொன்னாலும் கிட்டத்தட்ட அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. பின்னால் கவினின் பகுதியில் மட்டும், தமிழ் சரியாக வாசிக்க வராத அவன் அதே குறிப்பேட்டோடு மல்லுக்கட்டும்போது, புதிரும் கதையும் ஒன்றாகிவிடுகின்றன. முழுக் கேமும் அப்படி இருந்திருக்க வேண்டியது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்தும் விடும். என் தங்கை விளையாடிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நான் வாதாடவில்லை.

புனேயிலிருந்து 2020-இல் வந்த ராஜி என்ற சாகசக் கேமையும் 'நம்ம நாட்டுக் கேம்' என்று நம் தலையில் கட்டிவிடுவார்கள். சுவரோவியங்களும் நிழற்பொம்மைக் காட்சிகளும் அழகு. சண்டை கனமாக, பிடிபடாமல் இருக்கிறது. கதை பாதியில் அறுந்து நிற்கிறது. தள்ளுபடியில் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் இதற்கு உங்கள் லேப்டாப் திணறும்.

மலைக் கேம்கள் பற்றி மலைக்காரன் பேசாமல் இருக்க முடியாது. எ ஷார்ட் ஹைக், 2019, ஆடம் ராபின்சன்-யூ. கிளேர் என்ற குட்டிப் பறவை ஒரு போன் அழைப்புக்காகக் காத்திருக்கிறாள். மலை உச்சியில்தான் டவர் கிடைக்கும். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகப் பாறை மேலும் மரத்து மேலும் ஏறி உட்கார்ந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம். தங்க இறகு ஒன்று கிடைத்தால் இன்னும் கொஞ்சம் ஏறலாம், அதற்காக வழியில் இருப்பவர்களோடு பேச வேண்டும், பேசப்போய் வந்த வேலை மறந்துபோகும். மலையேற்றம் இப்படித்தான் இருக்கும். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். இதைவிட நீளமாக எடுத்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

செலஸ்ட் (2018) வேறு ஜாதி. மேடலின் என்ற பெண் மனப் பதற்றத்தோடு ஒரு மலை ஏறுகிறாள். விழுவீர்கள், நூற்றுக்கணக்கில் விழுவீர்கள். விழுந்த நொடியே மறுபடி அதே திரையில் நிற்பீர்கள். தாவும்போது கைக்குக் கிடைக்கும் அந்தத் துல்லியம் வேறு எதிலும் இல்லை. வசனங்கள் சில இடங்களில் ஆலோசகரிடம் உட்கார்ந்த மாதிரி இழுக்கும். ஆனால் கேபிள் காரில் மூச்சைச் சீராக்க ஓர் இறகைக் கற்பனையில் மிதக்க வைக்கச் சொல்வார்கள், பார்த்திருக்கிறீர்களா? கொஞ்ச நேரம் கழித்து அதே வித்தை பலிக்காமல் போகும். பத்துப் பக்க வசனத்தின் வேலையை அந்த இரண்டு கட்டமும் முடித்துவிடுகின்றன. ஸ்ட்ராபெர்ரி பொறுக்குவதால் பயன் எதுவும் இல்லை என்று கேமே சொல்லிவிடுகிறது. ஊட்டியில் காசு கொடுத்து வாங்கும் ஸ்ட்ராபெர்ரியும் பாதி நேரம் அப்படித்தான், புளிப்பு.

ஃபயர்வாட்ச் (2016) முதல் பாதிக்கு மட்டும். 1989 கோடையில் அமெரிக்க வயோமிங் காட்டில் தீக் கண்காணிப்புக் கோபுரத்தில் ஒருவர், வாக்கி டாக்கியில் மட்டும் ஒரு குரல். தாள் வரைபடமும் திசைகாட்டியும் கையில் பிடித்து வழி தேடுவது சுகம். பிறகு ஏதோ பெரிய சதி என்று பயமுறுத்தி, கடைசியில் கையை விரித்துவிடுகிறார்கள். முதுமலையில் தீத்தடுப்புக் கோடு வெட்டிக் காவல் காக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களின் ஒரு நாளை எடுத்திருந்தாலே போதும், எந்தச் சதியும் தேவைப்பட்டிருக்காது.

பூச்சிகளின் பாதாள உலகில் சுற்றிச் சண்டை போடும் ஹாலோ நைட் (2017) நல்ல கேம்தான். வரைபடத்தைக்கூடக் காசு கொடுத்து வாங்க வைப்பது எனக்குப் பிடிக்கும். தோற்றால் பெரிய எதிரியிடம் மறுபடி நடந்தே போக வேண்டும் என்பது பிடிக்காது. 2025-இல் வந்த அதன் அடுத்த பாகமான சில்க்சாங்கிலும் அந்தப் பிடிவாதம் போகவில்லை. வாம்பயர் சர்வைவர்ஸ் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அதைச் செய்தவர் முன்பு சூதாட்ட கேம் துறையில் இருந்தவர், நம்மை விடாமல் ஆட வைக்கும் வித்தை அங்கிருந்து வந்தது என்று விளையாடினால் புரியும்.

உங்கள் தம்பிக்கு எ ஷார்ட் ஹைக்கை முதலில் கொடுங்கள். செலஸ்டில் 'அசிஸ்ட் மோட்' என்று ஒன்று இருக்கிறது. வேகத்தைக் குறைக்கலாம், விழாமலே ஏறலாம். அதைப் போட்டுக்கொடுத்தால் ஒன்றும் கௌரவக் குறைவில்லை, அவனே ஒருநாள் அணைத்துவிடுவான். ஸ்டார்டியூவை நான் சொன்னதெல்லாம் மறந்துவிட்டு அவனோடு சேர்ந்து விளையாடுங்கள், இரண்டு பேர் ஆடும் வசதி உண்டு. பேப்பர்ஸ், ப்ளீஸ் உங்களுக்கு. அவனுக்கு இன்னும் சில வருடம் போகட்டும். அதில் சோதனைக் கருவியில் ஆட்களின் உடல் தெரியும் காட்சிகள் வரும். செட்டிங்கில் அதை அணைத்துவைக்கலாம் என்றாலும், குண்டு வெடிப்பும் மருந்தில்லாமல் சாகும் வீட்டாரும் அப்படியே இருப்பார்கள்.