கோடையில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வெளிப்புறப் படப்பிடிப்பு வைக்கலாமா? வெயிலும் மழையும் எந்த அளவுக்குக் கெடுக்கும்?

மே மாதத்தில் திருமணம், முகூர்த்தம் முடிந்த கையோடு ஒகேனக்கல்லிலோ மாந்தோப்பிலோ படம் எடுக்க ஆசை, வெயிலுக்கும் மழைக்கும் பயந்து விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசையை விட வேண்டாம். 'முகூர்த்தம் முடிந்த கையோடு' என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். பதினாறு வருடமாகத் தருமபுரியில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். கோடையில் கெட்டுப்போன என் படப்பிடிப்புகளில் பாதிக்கு மேல் வெயிலால் கெடவில்லை. சாப்பாட்டுப் பந்தியால் கெட்டன. ஆறு மணிக்குத் தாலி கட்டியாகிவிடும். பிறகு மொய், பிறகு பந்தி, பிறகு ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் காலில் விழுதல். மணமக்கள் காரில் ஏறும்போது மணி பதினொன்று.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஜோடி. திருமணம் முடிந்து இரண்டு நாள் கழித்து, காலை ஆறு மணிக்கு ஒகேனக்கல்லில் இருப்பதாகப் பேச்சு. வழியில் பென்னாகரத்தில் மணப்பெண்ணின் சித்தப்பா வீடு. காபி என்று போய் இட்லியில் முடிந்தது. மலைப்பாதை இறங்கும்போதே ஒன்பதே முக்கால். பரிசல் துறையில் இருந்த பெரியவர் மணப்பெண்ணின் காலைப் பார்த்தார். "தம்பி, பாறை சுடும். பாப்பாவைச் செருப்பைக் கழற்றச் சொல்லாதீர்கள்" என்றார். நான் கழற்றச் சொன்னேன். பட்டுப்புடவைக்குக் கீழே ரப்பர் செருப்பு தெரிந்தால் ஆல்பம் என்னாவது? அடுத்த நிமிடம் அந்தப் பெண் ஆடிய ஆட்டத்தில் மாப்பிள்ளை அவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. உண்மையைச் சொன்னால் அன்று தேறியது அந்த ஓட்டப் படம் ஒன்றுதான். மற்றவற்றில் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள், மூக்கின் நிழல் உதட்டின் மேல், மாப்பிள்ளையின் வேட்டி மடிப்பே தெரியாத வெள்ளை. வேறொரு நாள் என் செலவில் திரும்ப எடுத்துக் கொடுத்தேன்.

இதற்கு வெப்பம் காரணமில்லை, சூரியன் நிற்கும் உயரம்தான் காரணம். தருமபுரி பூமத்திய ரேகைக்கு 12 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் 22, 23 தேதிகளை ஒட்டி, நண்பகல் 12.15 வாக்கில், சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. மே மாதத்தில் உச்சியிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். குளிர்நாடுகளில் சூரியன் சரிவில் ஏறும். நம் ஊரில் ஏணி வைத்தாற்போல ஏறுகிறது. மே நடுவில் உதயம் ஆறு மணிக்குச் சற்று முன்பு. ஏழரைக்கு அடிவானத்திலிருந்து 20 டிகிரி உயரத்தைத் தாண்டிவிடும். ஒன்பதரைக்கு ஏறத்தாழ 50 டிகிரி. வெளிநாட்டுக்காரர்களின் காணொளியைப் பார்த்துவிட்டுப் உதயத்தை ஒட்டி வரும் இதமான பொன்னொளி வெகுநேரம் நிற்கும் என்று நம்பி வருகிறவர்களுக்கு இங்கே கிடைப்பது அரை மணி. அதற்கு மேல் ஒரு மணி நேரம் சமாளிக்கலாம்.

எனவே என் கணக்கு இது: காலை 5.45-க்கு எல்லோரும் இடத்தில் நிற்க வேண்டும், 7.45-க்குக் கேமரா பைக்குள் போய்விடும். மறுபடி மாலை ஐந்து மணியிலிருந்து இருட்டும் வரை. நடுவில் சாப்பிடலாம், தூங்கலாம், சண்டை போடலாம், படம் மட்டும் கிடையாது. இதற்கு அலங்காரம் செய்கிறவர் மூன்றரை மணிக்கு எழுந்தாக வேண்டும். அவருக்குக் கொடுக்கும் பணத்தில் பேரம் பேசாதீர்கள்.

"அப்படியானால் குளிர்ச்சியான இடமாகப் பார்த்துப் போகலாமே, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம்?" என்று எல்லோரும் கேட்பார்கள். போகலாம். ஒசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரியைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே இருக்கும். வியர்வை குறையும், முகப்பூச்சு தாங்கும். ஆனால் பத்து மணிச் சூரியன் தளியிலும் அதே உயரத்தில்தான் நிற்கிறது. கண்ணுக்குக் கீழே விழும் நிழலுக்கு மலைக்காற்று தெரியாது.

பகலில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் நிழலுக்குள் போங்கள், ஆனால் எந்த நிழல் என்று பாருங்கள். நம் சாலையோரப் புளியமரங்களின் அடியில் நிற்க வைத்தால் இலையில் வடிந்த பச்சை முகத்தில் ஏறிவிடும். இடையிடையே வெயில் பொட்டுகளும் விழும். மரத்தடி நடுவில் நிற்காமல் நிழலின் விளிம்புக்கு வந்து, திறந்த வெளியைப் பார்த்து நின்றால் பாதி சரியாகும். என் விருப்பம் கோயில் கல்மண்டபம். வெளியே தரையில் பட்ட வெளிச்சம் கீழிருந்து முகத்துக்கு ஏறிவரும், ரிஃப்ளெக்டரே தேவைப்படாது. கோயிலில் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பல கேமராக்களுக்கும் ட்ரோன்களுக்கும் தயாரிப்பாளர்கள் போட்டிருக்கும் உச்ச வரம்பு 40 டிகிரி. கத்திரி வெயிலில் கறுப்புக் கேமராவை வெட்டவெளியில் பத்து நிமிடம் விட்டால் அந்த எல்லையை அது தானாகவே தாண்டிவிடும். 4கே வீடியோ பாதியில் நின்றுபோகும். வெள்ளைத் துண்டு ஒன்றைப் போர்த்தி வைத்தால் போதும். பேட்டரியை ஐஸ் பெட்டியில் வைக்கும் புத்திசாலித்தனம் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்க்கும். கிருஷ்ணகிரிக் கோட்டை மலையிலிருந்து அணையை நீளமான லென்ஸில் பிடிக்க நினைப்பவர்கள் எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு நடுவில் நெளிவது கானல். எத்தனை விலை உயர்ந்த லென்ஸ் என்றாலும் படம் கொழகொழவென்றுதான் வரும்.

ஒகேனக்கல் போவதாக இருந்தால் இன்னொன்று. அங்கே வானிலை என்பது நம் ஊர் வானம் மட்டுமல்ல, காவிரிக்கு மேலே பெய்யும் மழையும்கூட. தமிழ்நாட்டு எல்லையான பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் நீர்வரத்தை அளக்கிறது. எத்தனை கன அடி என்று செய்தித்தாள்களில் வரும். கோடையில் பெரும்பாலும் தண்ணீர் குறைந்து, அருவி மெலிந்து, பாறைகள் எலும்பு எலும்பாகத் தெரியும். எனக்கு அதுதான் பிடிக்கும், பரிசலும் ஓடும். ஆனால் மேலே நல்ல மழை பெய்தால் இங்கே சொட்டு விழாமலே தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறிவரும். மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டுவிடும். பயணத்துக்கு முந்தைய நாள் அந்தக் கன அடிக் கணக்கைப் பாருங்கள்.

இவ்வளவு நேரம் நேரத்தை நாம் தேர்ந்தெடுக்கும் படங்களைப் பற்றிச் சொன்னேன். தேர்ந்தெடுக்க முடியாத கோடைப் படம் ஒன்று உண்டு. இங்கே திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் காலம் இதுதான். இரவெல்லாம் கூத்து, கடைசியில் பகலில் துரியோதனன் படுகளம். மண்ணால் செய்து படுக்க வைத்த மாபெரும் உருவம், அதைச் சுற்றி வீமனும் துரியோதனனும் ஓட ஓட விரட்டிச் சண்டை. நான் போன ஒரு கிராமத்தில் பத்து மணி என்றார்கள், பதினொன்றரைக்குத்தான் தொடங்கியது. முதல் வருடம் முகம் தெரிய வேண்டுமென்று ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். அரிதாரம் பூசிய முகங்கள் எல்லாம் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி வந்தன. அடுத்த வருடம் முகத்தைத் தேடுவதை விட்டேன். வெயில் விழும் இடத்துக்கு மட்டும் கேமராவில் வெளிச்ச அளவு வைத்து, நிழலைக் கறுப்பாகவே விட்டேன். கிளம்பிய புழுதி, கிரீடத்தின் கண்ணாடித் துண்டுகள், தொடையில் அடி விழுந்ததும் தெறிக்கிற மண், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு புளியமரத்தடியில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் எல்லாம் வந்தன. உச்சி வெயில் இல்லாமல் அந்தப் படங்கள் இல்லை. திருமண ஆல்பத்துக்கு எதிரியான வெயில் படுகளத்துக்கு உறவுக்காரன்.

மழைக்கு வருகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் நம் பக்கத்தில் கோடை மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் வரும். காலையெல்லாம் காய்ந்த தரையின் வெப்பத்தில் ஈரக்காற்று மேலே எழும்பி, மூன்று மணிக்கு மலைக்குப் பின்னால் வெள்ளைக் கோபுரமாக நிற்கும், ஐந்து மணிக்கு நம் தலைமேல் கறுத்துவிடும். மேகத்தைப் பார்த்ததும் "அண்ணா, ரத்து செய்துவிடலாமா?" என்று மாப்பிள்ளைகள் போன் செய்வார்கள். செய்யாதீர்கள், காத்திருங்கள். அந்த மழை பல நேரம் அரை மணியில் ஓய்ந்துவிடும். புழுதி அடங்கி, கரும்பாறைக் குன்றுகள் கழுவிவிட்டதுபோல நிற்க, மேகத்துக்கும் அடிவானத்துக்கும் நடுவே இருக்கும் சந்தில் சூரியன் எட்டிப் பார்க்கும் பத்து நிமிடத்துக்கு ஈடாக வருடம் முழுவதும் வேறொன்றும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் காத்திருப்பது காருக்குள் இருக்க வேண்டும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் ஸ்டாண்டை மடக்கிவிட்டு ஓடுங்கள். காலையில் நிழல் தந்த அதே புளியமரத்தடிக்கு இப்போது போகக் கூடாது. அணைக்கரை, மொட்டைப்பாறை, கோட்டை மலை உச்சி எதுவும் வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி கழிந்த பிறகுதான் இறங்க வேண்டும். அதற்குள் வெளிச்சம் போய்விட்டால் போகட்டும்.

மாந்தோப்பைக் கேட்டிருந்தீர்கள். கிருஷ்ணகிரித் தோப்புகள் மே மாதத்தில் அழகுதான், ஆனால் அது அறுவடைக் காலம். காம்பு ஒடிந்த இடத்திலிருந்து வடியும் மாம்பால் பட்டில் பட்டால் கறை போகாது. மணப்பெண்ணைக் காய்க்குக் கீழே நிறுத்தாதீர்கள். தோப்புக்காரரிடம் முன்னதாகப் பேசி, வேலையாட்கள் இல்லாத நேரம் கேளுங்கள்.

நான் ஒருமுறை அப்படிப் பேசி வைத்திருந்தேன். மாலை நாலரைக்குச் சூறைக்காற்று, ஆலங்கட்டியோடு மழை, ஐந்தே முக்காலுக்கு எல்லாம் ஓய்ந்து, நான் மேலே சொன்ன அதே வெளிச்சம். ஜோடியைக் காரில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். மரத்துக்கு மரம் தோத்தாபுரிக் காய்கள் பாயாக விரிந்து கிடந்தன. இன்னும் பத்து நாளில் கூழ் ஆலைக்குப் போக வேண்டியவை. தோப்புக்காரர் இடுப்பில் கைவைத்து நடுவில் நின்றுகொண்டிருந்தார். நான் கேமராவைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார்.

"கேமரா இருக்கிறதா தம்பி? நல்லதாகப் போயிற்று. கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டவேண்டும், என் போனில் சரியாக விழாது. எடுத்துக் கொடுங்கள்" என்றார்.

கீழே விழுந்த காய்களை மரவாரியாக எடுத்தேன். ஒடிந்த கிளைகளுக்குப் பக்கத்தில் அவரை நிற்க வைத்தும் எடுத்தேன். வெளிச்சம் பதினோரு நிமிடம் இருந்தது. மணமக்கள் படத்தை மறுவாரம் தளியில் எடுத்தோம், காலை ஆறு மணிக்கு.