கத்தரி இலை மடிந்திருக்கிறது: புழுவா, தையல்சிட்டா?

கேள்வி: 20 சென்ட்டில் கத்தரி போட்டிருக்கிறேன். ஒரு செடியில் இரண்டு பெரிய இலைகள் தைத்ததுபோல் சேர்ந்து, உள்ளே பஞ்சு தெரிகிறது. சின்னக் குருவி ஒன்று வந்து போகிறது. இலைச்சுருட்டுப் புழு என்று மருந்தடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீர்கள். அது தையல்சிட்டின் கூடு. புழு சுருட்டிய இலை நீளவாக்கில் மடிந்திருக்கும். பிரித்தால் ஊதா கலந்த பழுப்பு நிறத்தில் கட்டையான புழு இருக்கும். அது பச்சையத்தைச் சுரண்டித் தின்பதால் இலை பழுத்துக் காயும். கூடுள்ள இலையோ பச்சையாகவே நிற்கும். தொடாமல் ஓரத்தை மட்டும் பாருங்கள். பெண் குருவி அலகால் ஊசித்துளை போட்டு, பஞ்சு இழையையோ சிலந்தி நூலையோ அதில் இழுத்திருக்கும். ஒவ்வொரு தையலும் தனித்தனி. வெளியே வந்த நுனி பிசிறாக விரிந்து துளையில் மாட்டிக்கொள்வதால் கழன்று வராது. துளை மிகச் சிறியது, இலை வாடாது.

குருவி 10 கிராம்கூட இருக்காது. தலையுச்சி செம்பழுப்பு, முதுகு மங்கிய பச்சை, வயிறு வெளுப்பு. வால் எப்போதும் தூக்கியபடி. உருவத்துக்குப் பொருந்தாத உரத்த குரலில் 'ட்வீட் ட்வீட்' என்று விடாமல் கத்தும். செடிக்குள் தாவித் தாவி இலையடியில் இருக்கும் சிறு புழு, வண்டு, பூச்சிகளைப் பொறுக்கும். குஞ்சு இருக்கும்போது இந்த வேட்டை இன்னும் கூடும். இந்த நேரத்தில் மருந்தடித்தால் விஷமேறிய புழுவைத்தான் குஞ்சுக்கு ஊட்டும்.

முட்டை பொரிய சுமார் 12 நாள், குஞ்சு பறக்க இன்னும் 14 நாள். அதுவரை அந்தச் செடிக்கு ஒரு குச்சி ஊன்றிக் கட்டுங்கள். காய்ப்பாரத்தில் சாய்ந்தால் கூடு கவிழ்ந்துவிடும். அதில் இலை கிள்ள வேண்டாம். காய் பறிக்கையில் கிளையை உலுக்காமல் காம்பை வெட்டி எடுங்கள். கூட்டை அடிக்கடி விலக்கிப் பார்த்தால் தாய் கைவிட்டுவிடலாம். பூனையும் செம்போத்தும் வரும், கவனம்.

ஆனால் குருவியை மட்டும் நம்பியிருக்க முடியாது. காய்த்துளைப்பான் புழு தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் இருப்பதால் அதற்கு எட்டாது. வாடித் தொங்கும் நுனித்தண்டை ஒரு விரல் கீழே வெட்டி, வயலில் போடாமல் அழியுங்கள். பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் அந்துப்பூச்சியை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5 என்பது கணக்கு. உங்கள் 20 சென்ட்டுக்கு ஒன்று போதும். இலைச்சுருட்டுப் புழு வேறு செடிகளில் உண்மையிலேயே தெரிந்தால் மடிந்த இலைகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். கிள்ளுமுன் ஓரத்தில் தையல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.