வாசகர் கேள்வி பதில்: மாற்றிவிட்ட இணையப் பக்கத்தை வழக்கில் காட்டுவது எப்படி?

கேள்வி (சாவகச்சேரி): இணையத்தளம் ஒன்றில் பார்த்துச் சூரியசக்தி நீர்ப்பம்பி வாங்கினேன். 5 வருட உத்தரவாதம் என்று போட்டிருந்தார்கள். பம்பி பழுதானதும் அதே பக்கத்தில் 2 வருடம் என்று மாற்றிவிட்டார்கள். அப்போது போனில் எடுத்த ஸ்கிரீன்ஷொட் இருக்கிறது, மேல்பகுதியை மட்டும் வெட்டிவிட்டேன். வழக்குக்கு அது காணாதா?

பதில்: தனியே அது காணாது. கணினியில் எஃப்12 விசையை அழுத்தினால் பக்கத்தின் நிரலைக் காட்டும் பெட்டி வரும், அதற்குள் 2 ஐ 5 ஆக்க அரை நிமிடம் போதும். திரையைப் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. எதிராளியின் சட்டத்தரணி முதலில் பிடிப்பது இதைத்தான். நீங்கள் வெட்டிய மேல்பகுதியில்தான் முகவரியும் நேரமும் இருந்தன. வெட்டாத மூலப்படம் போனின் குப்பைக்கூடையில் கிடக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

அடுத்து, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் அந்தப் பக்கத்தின் முழு முகவரியைக் கொடுத்துத் தேடுங்கள். பழைய பிரதி அகப்பட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. (பக்கங்களின் முந்தைய பிரதியைக் காட்டிய கூகுளின் கேஷ் வசதியை நம்ப வேண்டாம், 2024 இல் எடுத்துவிட்டார்கள்.)

இன்றைய 2 வருடப் பக்கத்தையும் சேமியுங்கள். பழையதோடு பக்கத்தில் வைத்தால் மாற்றியதற்கு அதுவே சாட்சி. கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது அதற்குப் பிறகு.

சேமிக்கும்போது, முதலில் கணினியின் நேரத்தை இணையத்தோடு சரிப்படுத்துங்கள். குரோமில் இன்கொக்னிட்டோ சாளரத்தைத் திறந்து, முகவரியைக் கையால் தட்டச்சுங்கள். உத்தரவாத நிபந்தனைகள் பெரும்பாலும் அழுத்தினால் விரியும் மடிப்புக்குள் இருக்கும். அவற்றை விரிக்காமல் பிடிஎஃப் எடுத்தால் வழக்குக்கு வேண்டிய வரி மட்டும் அதில் இராது. அச்சிடும் பெட்டியில் 'ஹெடர்ஸ் அண்ட் ஃபூட்டர்ஸ்' என்பதில் சரி போட்டால் ஒவ்வொரு தாளிலும் முகவரியும் திகதியும் விழும். பிடிஎஃப் படங்களை இடம் மாற்றிவிடுவதுண்டு. ஆகவே 'வெப்பேஜ், சிங்கிள் ஃபைல்' என்ற வடிவிலும் ஒன்று சேமியுங்கள்.

உடனே ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 எண் எடுங்கள், அது கோப்பின் கைரேகை மாதிரி. கோப்புகளைச் சுருக்கும் செவன்-சிப் மென்பொருள் இருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக்கில் கிடைக்கும். 64 எழுத்து வரும். கோப்பில் ஒரு முற்றுப்புள்ளி மாறினாலும் அது முழுவதும் வேறாகிவிடும். அந்த எண்ணை அன்றே சட்டத்தரணிக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் திகதிக்கும் ஒரு தடயம் இருக்கும். கோப்பை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், எண் பொருந்தாது.

இத்தனையையும் செய்தவரே சத்தியக்கடதாசி முடித்து, தேவைப்பட்டால் சாட்சிக்கூண்டிலும் ஏற வேண்டும். கனடாவில் இருக்கும் மருமகனைக் கொண்டு செய்விக்க நினைக்காதீர்கள். அவர் கெட்டிக்காரர்தான், ஆனால் தவணைக்குத் தவணை அவர் வருவாரா?

கேள்வி (நல்லூர்): 12ஆம் திகதி விடிய 4.10 க்கு நானே வேபேக் மெஷினில் சேமித்த பக்கம் 11ஆம் திகதி என்று காட்டுகிறது. பிழையா?

பதில்: பிழையில்லை. முகவரியில் வரும் 14 இலக்கம் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி. அது உலகப் பொதுநேரம். நமது நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே. அங்கே 11ஆம் திகதி 22.40. சத்தியக்கடதாசியில் இரண்டு நேரத்தையும் எழுதிவிடுங்கள், குறுக்கு விசாரணையில் தடுமாற வேண்டியிராது.

கேள்வி (சுன்னாகம்): இணையப் பக்கங்களைப் பதிந்த லப்டொப்பை வழக்கு முடிய முன் விற்கலாமா?

பதில்: வேண்டாம். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின் 21 ஆம் பிரிவு மின்பதிவுகளைச் சான்றாக ஏற்கிறது. ஆனால் எதிர்த்தரப்பு கணினிச் சான்று பற்றிய 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வரலாம். அதன்படி விளக்கத் திகதிக்கு 45 நாள் முன்பே சான்றுப் பட்டியலை எதிர்த்தரப்புக்கு அறிவித்துத் தாக்கல் செய்ய வேண்டும். அறிவித்தல் கிடைத்த 15 நாளுக்குள் அவர்கள் கணினியையே பார்வையிடக் கேட்கலாம். இரண்டு சட்டங்களில் எது பொருந்தும் என்று வாதாடுவதைவிட 45 நாளைக் கடைப்பிடிப்பது லேசு. விண்டோஸ் புதிதாகப் போடும் எண்ணம் இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள்.